டிரெய்லர் பேட்டரி மக்கர் செய்தால்: அறிகுறியிலிருந்து பழுதுக்கு

ஒன்டாரியோவில் ஆறு கோடையாக ஒரு டிராவல் டிரெய்லரை, அதாவது உள்ளேயே தங்கும் வசதியுள்ள வண்டியை, பிக்கப்பின் பின்னால் இழுத்துக்கொண்டு திரிகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய 24 அடி வண்டி. நண்பர்கள் சிலரும் வாங்கிவிட்டதால், மே மாதம் விக்டோரியா டே விடுமுறை நெருங்கினாலே போன் வரும்: "அண்ணா, பேட்டரி செத்துப்போச்சு போல. புதுசு எது வாங்கலாம்?" போய்ப் பார்த்தால் பேட்டரி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அதைத் தொடும் ஒயர், ஒயரைப் பிடிக்கும் நட்டு, நட்டைத் திருகிய அவசரம், இவற்றில்தான் கோளாறு.

அந்த அவசரத்துக்கு ஒரு ஊர் உண்டு. வட அமெரிக்காவில் ஓடும் இதுபோன்ற இழுவை வண்டிகளில் பெரும்பங்கு இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அங்கே பல ஆலைகளில் கூலி எண்ணிக்கைக் கணக்கில். இன்றைய வண்டிகள் முடிந்தால் வேலையும் முடிந்தது. போதாக்குறைக்கு, வண்டி ஆலையை விட்டுக் கிளம்பும்போது பெரும்பாலும் பேட்டரியே இருக்காது. டீலர் கடையில்தான் மாட்டுவார்கள். அதனால் பேட்டரி பக்கத்தில் ஏதாவது ஆனால் ஆலை டீலரைக் காட்டும், டீலர் ஆலையைக் காட்டுவார். நாமே பார்க்கக் கற்றுக்கொள்வதுதான் வேகம்.

தேவையானவை: ஒரு மல்டிமீட்டர், ஸ்பானர் இரண்டு, உப்புத்தாள், டார்ச். எதையும் கழற்றுமுன் போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மோதிரம், கைச் சங்கிலி இருந்தால் கழற்றி வையுங்கள். பேட்டரி முனைகளுக்கு நடுவே ஒரு மோதிரம் பாலம் போட்டால் விரலோடு வெந்துவிடும்.

அளவுகளையும் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் எதுவும் ஏறாமல் இரண்டு மணி நேரம் சும்மா இருந்த ஈய-அமில பேட்டரியில் 12.6 முதல் 12.7 வோல்ட் என்றால் முழுசு. 12.2 பாதி. 12.0 வந்தால் கால்வாசிதான் மிச்சம். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்தக் கணக்கு ஓடாது. அது காலியாகும் வரை 13-ஐ ஒட்டியே நின்றுவிட்டு, கடைசியில் மடமடவென்று விழும். அதற்கு வோல்ட்டை நம்பாமல் அதன் ஆப்பையோ, ஷன்ட் (ஏறி இறங்கும் கரண்டை அளக்கும் கருவி) வைத்த மானிட்டரையோ பாருங்கள்.

## அழுகிய முட்டை நாற்றம், அல்லது உள்ளே அலாரம் கத்துகிறது

இதில் மட்டும் காரணம் தேடும் வேலை பிறகு. முதலில் எல்லோரும் வெளியே. எந்த சுவிட்சையும் தட்டாதீர்கள். வண்டியின் மூக்கில், அதாவது முன்முனையில், இருக்கும் புரொப்பேன் சிலிண்டர்களின் வால்வை மூடுங்கள். முகாம் இடத்துக் கம்பத்திலிருந்து வரும் கரண்டை கம்பத்தில் இருக்கும் பிரேக்கரில் நிறுத்துங்கள். கதவு ஜன்னல் திறந்தே கிடக்கட்டும்.

நாற்றம் இரண்டு இடத்திலிருந்து வரலாம். புரொப்பேனில் கசிவு தெரியட்டும் என்று சேர்க்கும் வாசனைப் பொருள் ஒன்று. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிக் கொதிக்கும் ஈய-அமில பேட்டரி விடும் ஹைட்ரஜன் சல்ஃபைடு இன்னொன்று. மூக்குக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். அதே பேட்டரி விடும் ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு அலாரத்தைக்கூட ஏமாற்றி அடிக்க வைக்கும். ஆனால் 'பேட்டரியாகத்தான் இருக்கும்' என்று சொல்லிக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருக்காதீர்கள். யாருக்காவது தலைவலி, மயக்கம் இருந்தால் அவசர எண் 911.

நன்றாகக் காற்றோடிய பிறகு, பேட்டரிப் பெட்டியின் வெளிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பாருங்கள்.

சூடாக இருக்கிறதா? ஒரு செல் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகியிருக்கும். கன்வெர்ட்டர் (கம்பத்து 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி பேட்டரியை சார்ஜ் செய்யும் பெட்டி) அதை நிரப்பப் பார்த்துப் பார்த்து மீதி ஐந்து செல்களைக் கொதிக்கவிடுகிறது. கம்பத்து கரண்டை நிறுத்தினாலும் கூரையில் சோலார் பலகை இருந்தால் சார்ஜ் ஏறிக்கொண்டேதான் இருக்கும், அதனால் பலகையைப் போர்வையால் மூடுங்கள். டெர்மினலை உடனே கழற்ற வேண்டாம். வாயு சூழ்ந்திருக்கும்போது ஒரு பொறி போதும். ஆறவிட்டு, பிறகு நெகட்டிவை முதலில் எடுங்கள். அந்த பேட்டரி போனது போனதுதான், மறுபடி சார்ஜ் போட்டுப் பார்க்காதீர்கள்.

சூடு இல்லை, ஆனால் மூடியைத் திறந்தால் தண்ணீர் குறைந்து தகடு தெரிகிறதா? தகடு மூழ்கும்வரை மட்டும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, சார்ஜ் ஏறி முடிந்த பிறகு மீதியை நிரப்புங்கள். ஹைட்ரோமீட்டர் (அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) இருந்தால் ஆறு செல்லையும் பாருங்கள். முழு சார்ஜில் 1.265-ஐ ஒட்டி இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட 0.050 குறைந்தால் அந்த பேட்டரியை மாற்றுங்கள்.

பேட்டரி குளிர்ந்து, தண்ணீரும் சரியாக இருந்தால் சந்தேகம் புரொப்பேன் மேல்தான் போகும். வால்வைத் திறக்காமல் எரிவாயு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். அலாரத்தையும் கழற்றிப் பின்புறம் காலாவதி ஆண்டைப் பாருங்கள். சில ஆண்டுகளில் அதன் சென்சாரே தளர்ந்து சும்மா கத்தும்.

## பேட்டரி மாற்றியதும் வண்டியே இறந்துவிட்டது

எனக்கு வரும் போன்களில் அதிகம் இதுதான். காரில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ் என்று கை பழகியிருக்கும். டிரெய்லரின் மூக்கிலோ ஒரு கறுப்பு ஒயரும் ஒரு வெள்ளை ஒயரும் தொங்கும். கறுப்பைக் கொண்டுபோய் நெகட்டிவில் மாட்டினால் 'டப்' என்று ஒரு பொறி. அத்தோடு சரி.

பெரும்பாலான இழுவை வண்டிகளில் கறுப்பு பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். இங்கே வீட்டு ஒயரிங்கில் கறுப்பில்தான் கரண்ட் வரும், அதே பழக்கத்தை 12 வோல்ட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம், முந்தைய சொந்தக்காரர் என்ன செய்துவைத்திருப்பாரோ. ஒயரைப் பிடித்துக்கொண்டே போங்கள். இரும்புச் சட்டத்தில் போல்ட் போட்டு நிற்பது நெகட்டிவ். சின்ன டப்பா போன்ற பிரேக்கருக்குப் போவது பாசிட்டிவ்.

தலைகீழாக மாட்டியாயிற்று என்றால் பயப்பட வேண்டாம், இதற்கென்றே கன்வெர்ட்டர் பெட்டியில் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள். மற்ற ஃபியூஸ்களிலிருந்து சற்று தள்ளி, பெரும்பாலும் 30 அல்லது 40 ஆம்பியரில் ஒன்றோ இரண்டோ தனியாக இருக்கும். பேட்டரியைச் சரியாக மாட்டுமுன் அவற்றை மாற்றுங்கள், அதே ஆம்பியர், அதே வகை. இப்போது உயிர் வந்தால் தப்பித்தீர்கள்.

புது ஃபியூஸும் உடனே எரிந்தால் கன்வெர்ட்டரின் உள்ளே போயிருக்கும். பெரிய ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள். கன்வெர்ட்டர் பலகையை மட்டும் தனியாக மாற்ற முடியும். 120 வோல்ட் பக்கம் கை வைக்கப் பழக்கம் இல்லையென்றால் அது டெக்னீஷியன் வேலை.

## கம்பத்து கரண்ட் இருக்கிறது, பேட்டரி மட்டும் ஏறவில்லை

கம்பத்தில் மாட்டுமுன் பேட்டரி முனையில் ஒரு அளவு, மாட்டிய பிறகு ஒரு அளவு. 12.4 இருந்தது 13.6-க்கு மேலே போனால் சார்ஜ் ஏறுகிறது. பழுது வேறெங்கோ.

எண் அசையவே இல்லையென்றால் இந்த வரிசையில் போங்கள்:

1. பேட்டரி டிஸ்கனெக்ட் சுவிட்ச். சிரிக்காதீர்கள், 40 கிலோமீட்டர் ஓட்டிப்போய் அந்தச் சாவியைத் திருப்பிவிட்டு வந்திருக்கிறேன்.
2. உள்ளே பிரேக்கர் பெட்டியில் கன்வெர்ட்டருக்கான 120 வோல்ட் பிரேக்கர்.
3. மேலே சொன்ன தலைகீழ் ஃபியூஸ்கள்.
4. மூக்கில், பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன பிரேக்கர். இரண்டு முனையிலும் அளவெடுங்கள். ஒரு பக்கம் 13.6, மறு பக்கம் 12.4 என்றால் பிரேக்கர் திறந்து கிடக்கிறது, அல்லது நட்டு துருப்பிடித்திருக்கிறது. மாற்றுச் செலவு ஒரு பிட்சா அளவுதான்.
5. கன்வெர்ட்டரின் வெளியே வரும் முனையிலேயே 13-க்கு மேல் இல்லையென்றால் கன்வெர்ட்டர்.

ஈய-அமிலத்துக்கென்று வந்த பழைய கன்வெர்ட்டரோடு லித்தியம் மாட்டியிருந்தால் ஒரு வேடிக்கை நடக்கும். சார்ஜ் ஏறும், முழுதாக நிறையாது. லித்தியத்துக்கு 14.2 முதல் 14.6 வோல்ட் வரை வேண்டும். 13.6-ல் நிற்கும் கன்வெர்ட்டர் அதை நாள் கணக்கில் உருட்டிக்கொண்டிருக்கும். பேட்டரிக் கடைக்காரர் "அப்படியே மாட்டிக்கலாம்" என்று சொல்லியிருப்பார். அளவில் அப்படியே மாட்டலாம், உண்மைதான்.

## நடு இரவில் ஃபர்னஸ் (வண்டிக்குள் சூடேற்றும் ஹீட்டர்) நின்றுவிடுகிறது

அல்கோன்குவின் பூங்காவில் அக்டோபர் இரவு ஒன்றில் இதைக் கற்றேன். காற்றாடி சுற்றும் சத்தம் கேட்கிறது, சூடு வரவில்லை. புரொப்பேன் தீர்ந்தது என்று நினைத்து இருட்டில் சிலிண்டரை மாற்றினேன். அப்போதும் வரவில்லை.

காற்றாடி சுற்றுகிறது, தீ பற்றவில்லை என்றால் முதலில் வோல்ட்டைப் பாருங்கள். ஃபர்னஸுக்குள் காற்றின் வேகத்தை உணரும் ஒரு சின்ன சுவிட்ச் உண்டு. காற்று வேகமாக அடித்தால்தான் அது மூடும், மூடினால்தான் எரிவாயு திறக்கும். பேட்டரி 11 வோல்ட்டை நெருங்கினால் காற்றாடி சோம்பிவிடும். சுவிட்ச் மூடாது. தீயும் வராது.

பேட்டரி முனையில், காற்றாடி ஓடும்போதே அளவெடுங்கள்.

முனையிலேயே 11.5-க்குக் கீழே என்றால் சார்ஜ் இல்லை. கணக்குப் போட்டால் புரியும். காற்றாடி 7 ஆம்பியர் இழுக்கும். பத்து மணி நேரத்தில் பாதி நேரம் ஓடினாலே 35 ஆம்பியர்-மணி. டீலர்கள் வழக்கமாக மாட்டித் தரும் குரூப் 24 பேட்டரி 80 ஆம்பியர்-மணி அளவில்தான் இருக்கும். ஈய-அமிலத்தில் பாதிக்குக் கீழே இறங்கினால் ஆயுள் குறையும், ஆக நம் கையில் இருப்பது 40. இப்போது வரும் வண்டிகளில் புரொப்பேன் ஃபிரிட்ஜை எடுத்துவிட்டு 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் வைக்கிறார்கள், அது தன் பங்குக்கு அதே 40-ஐக் கேட்கும். இது பழுதே கிடையாது. விற்கும்போதே போதாத பேட்டரியோடு விற்ற கதை. இரண்டாவது பேட்டரியோ, லித்தியமோ, கம்பம் உள்ள இடமோ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

முனையில் 12.3 இருக்கிறது, ஃபர்னஸ் ஒயரில் 11 என்றால் வழியில் எங்கோ வோல்ட் தொலைகிறது. அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

இரண்டு இடத்திலும் வோல்ட் நன்றாக இருந்தும் தீ இல்லையென்றால், ஃபர்னஸ் புகை வெளியேறும் குழாய் வாயில் குளவிக்கூடு இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் டெக்னீஷியன். எரியும் அறையைத் திறக்க வேண்டாம்.

## விளக்கு மினுங்குகிறது, ஒயர் சுடுகிறது, கருகல் வாசனை

கருகல் வாசனை இருந்தால் முதலில் கம்பத்து கரண்டை நிறுத்தி, டிஸ்கனெக்ட் சுவிட்சையும் அணையுங்கள். புகை தெரிந்தால் பழுது பார்க்க நிற்காமல் வெளியேறி 911-ஐக் கூப்பிடுங்கள். பலகையும் ஃபோமும் ஒட்டுப் பசையுமாகக் கட்டிய பெட்டி அது, நிமிடங்களில் எரிந்து முடியும்.

வாசனை இல்லை, மினுக்கம் மட்டும்தான் என்றால் அதன் தாளத்தைக் கவனியுங்கள்.

நிற்கிறது, ஓரிரு நிமிடத்தில் தானே வருகிறது, மறுபடி நிற்கிறது. மூக்கிலுள்ள பிரேக்கர் தானே மீளும் வகை. சூடாகித் திறக்கிறது, ஆறி மூடுகிறது. காரணம் அதிக கரண்ட் இழுப்பு, அல்லது அதன் முனையில் தளர்ந்த நட்டு. நட்டைக் கையால் திருகிப் பாருங்கள். புது வண்டியில் கையால் சுற்றும் நட்டைப் பார்த்திருக்கிறேன். பேட்டரியைக் கழற்றிவிட்டு, முனைகளை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, ரப்பர் மூடி போடுங்கள்.

பள்ளம் மேட்டில் மட்டும் மினுங்குகிறது. கிரவுண்ட், அதாவது நெகட்டிவ் ஒயர் இரும்புச் சட்டத்தோடு சேரும் மூட்டு. வெள்ளை ஒயரைச் சட்டத்தில் பெயிண்ட் மேலேயே தானே துளையிட்டு ஏறும் ஒரு திருகாணியால் முறுக்கிவிட்டிருப்பார்கள். முதல் வருடம் வேலை செய்யும். குளிர்காலச் சாலை உப்பு பட்டதும் துரு. சோதனை சுலபம்: காற்றாடி ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ் முனையிலும், மறு முனையைச் சட்டத்தின் சுத்தமான இரும்பிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்குமேல் காட்டினால் அந்த மூட்டு சரியில்லை. பெயிண்டைச் சுரண்டி, வளைய லக் (ஒயர் நுனியில் அழுத்தும் உலோக வளையம்), நட்சத்திர வாஷர், முழு போல்ட் போட்டு, மேலே கிரீஸ் தடவுங்கள். என்னைக் கேட்டால், வாங்கிய அன்றே எல்லா டிரெய்லருக்கும் செய்ய வேண்டிய அரை மணி வேலை இது.

ஸ்லைடை (வெளியே நீளும் அறைப் பகுதியை) நீட்டும்போது மட்டும் மினுங்குகிறது. ஸ்லைடுக்கு அடியில் போகும் ஒயர் நசுங்குகிறதா பாருங்கள்.

எப்போதும் மங்கல், ஒரு ஒயர் மட்டும் கைக்குச் சுடுகிறது. லக் சரியாக அழுத்தப்படவில்லை. மெதுவாக இழுத்துப் பாருங்கள், கையோடு வந்துவிட்டால் அதுதான். சுத்தியலால் தட்டி ஒட்டவைக்காமல், அதற்கான கிரிம்பிங் கருவியால் புது லக் போடுங்கள்.

டார்ச்சோடு அடியில் படுக்கும்போது இன்னும் மூன்றைப் பார்த்துவிடுங்கள். இரும்புச் சட்டத்தில் ஒயர் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் இருக்கிறதா. இல்லையென்றால் ஒவ்வொரு மைலும் அந்த ஒயரை அறுத்துக்கொண்டிருக்கிறது. பேட்டரியிலிருந்து முதல் ஃபியூஸ் அல்லது பிரேக்கர்வரை எவ்வளவு தூரம். ஒன்றரை அடிக்குமேல் இருந்தால் எனக்கு உறக்கம் வராது, ஏனென்றால் அந்த நீளத்துக்கு ஒயர் உரசினால் தடுக்க ஒன்றுமே இல்லை. பிரேக் ஒயர் மூட்டுகளில் வீட்டு ஒயரிங்கில் முறுக்கி மாட்டும் பிளாஸ்டிக் தொப்பி இருக்கிறதா. மழையும் உப்பும் படும் இடத்தில் அது ஒரு பருவம்கூடத் தாங்காது.

காப்பு உருகிய ஒயர், சுவருக்குள்ளே சுடும் இடம், இன்வெர்ட்டருக்குப் போகும் தடித்த ஒயர், இவற்றை நீங்கள் தொட வேண்டாம். 2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்.

இதே பழுது உங்கள் மாடல் முழுக்க இருக்கலாம். 17 எழுத்து வண்டி எண்ணை அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத் தளத்தில் போட்டால் திரும்பப்பெறும் அறிவிப்பு இருக்கிறதா என்று காட்டும். கனடாவில் டிரான்ஸ்போர்ட் கனடாவின் ரீகால் பட்டியலில் தயாரிப்பாளர், மாடல், ஆண்டு கொடுத்துத் தேடலாம். இருந்தால் பழுதைக் காசில்லாமல் சரிசெய்வார்கள். கதவோரம் ஒட்டிய ஆர்.வி.ஐ.ஏ. (இந்த வண்டித் தயாரிப்பாளர்களின் சங்கம்) முத்திரையைக் காட்டி "சோதித்த வண்டி" என்று விற்பவர் சொன்னால் தலையாட்டிவிட்டு அடியில் படுத்துப் பாருங்கள். அது தரவிதிப்படி கட்டினோம் என்று தயாரிப்பாளர் தரும் உறுதிமொழி. உங்கள் வண்டியின் ஒவ்வொரு நட்டையும் யாரோ திருகிப் பார்த்தார்கள் என்பதற்கான சான்று கிடையாது.

## நிறுத்திவைத்தால் ஒரு வாரத்தில் காலி

எரிவாயு அலாரம், ரேடியோ, டிவி ஆன்டெனா பூஸ்டரின் குட்டி விளக்கு, எல்லாம் சேர்ந்து சொட்டுச் சொட்டாக உறிஞ்சும். நெகட்டிவைக் கழற்றி நடுவே மீட்டரை ஆம்பியரில் வையுங்கள், அப்போது ஃபர்னஸையோ, வண்டியின் மூக்கைத் தூக்கும் மின் ஜாக்கையோ ஓட்டினால் மீட்டரின் ஃபியூஸ் போகும். 0.1 ஆம்பியர் சகஜம், குரூப் 24-ல் பதினாறு நாள் தாங்கும். 0.5 என்றால் மூன்று நாள். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து, எதில் எண் விழுகிறதோ அந்த இணைப்பைப் பிடியுங்கள்.

குளிர்காலத்தில் காலியாக விடாதீர்கள். காலியான ஈய-அமில பேட்டரி மைனஸ் 7 டிகிரி செல்சியஸிலேயே உறையத் தொடங்கும். உறைந்ததை, உப்பியதை சார்ஜரில் மாட்டினால் வெடிக்கலாம்.

## ஓடும்போது ஏறவில்லை

பிக்கப்பையும் டிரெய்லரையும் இணைக்கும் ஏழு பின் பிளக்கில் பச்சை பிடித்திருக்கிறதா பாருங்கள், துடையுங்கள். பிறகு பிக்கப் பக்கத்து சாக்கெட்டில் சார்ஜ் பின்னில் 12 வோல்ட் வருகிறதா. வராவிட்டால் பிக்கப்பின் ஃபியூஸ். சில பிக்கப்களில் அந்த ஃபியூஸும் ரிலேயும் மாட்டாமல் ஒரு உறையில் கிளவ் பாக்ஸில் கிடக்கும். வந்தாலும் அந்த மெல்லிய ஒயரில் சில ஆம்பியர்தான் ஏறும், நாலு மணி நேர ஓட்டத்தில் நிறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். லித்தியமாக இருந்தால் நடுவில் டிசி-டிசி சார்ஜர் போடுங்கள்.

## லித்தியம்: ஏறவில்லை, பூஜ்யம் காட்டுகிறது, உப்பியிருக்கிறது

காலையில் உறைபனி, சார்ஜ் ஏறவில்லை: நல்லது. பூஜ்ய டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் நிரந்தரமாகக் கெடும், அதனால் உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) தடுக்கிறது. மூக்கிலிருந்து எடுத்து உள்ளே, உலர்ந்த பெட்டிக்கு மாற்றுங்கள், அல்லது சூடேற்றி உள்ள வகையை வாங்குங்கள். காற்றோட்டம் இல்லாத அந்த உள்ளிடத்தில் ஈய-அமிலத்தை மட்டும் ஒருநாளும் வைக்காதீர்கள்.

பூஜ்ய வோல்ட்: பி.எம்.எஸ். கதவை மூடிவிட்டது. கரண்ட் இழுக்கும் எல்லாவற்றையும் நிறுத்தி, லித்தியம் சார்ஜரை மாட்டினால் பெரும்பாலும் விழிக்கும். திரும்பத் திரும்ப மூடினால் விற்ற இடத்துக்கு.

உப்பல், இனிப்பான கெமிக்கல் வாசனை, விழுந்த அடி: சார்ஜும் வேண்டாம், திறப்பதும் வேண்டாம். ஆறியிருந்தால் இணைப்பை எடுத்து, வண்டியையும் வீட்டையும் விட்டுத் தள்ளி வைத்து, விற்றவரையோ அபாயக் கழிவு மையத்தையோ கேளுங்கள். சூடாகவோ புகைந்தோ இருந்தால் தொடாமல் 911.

## பிரேக்கவே பின்னை இழுத்தால் பிரேக் பிடிக்கவில்லை

ஓடும்போது டிரெய்லர் பிக்கப்பிலிருந்து பிரிந்தால், பிக்கப்போடு கட்டிய பிரேக்கவே பின் கழன்று டிரெய்லரின் பிரேக்கைப் பிடிக்கவைக்கும். அதற்கு கரண்ட் தர இருப்பது இந்த பேட்டரி ஒன்றுதான். அமெரிக்க விதிகளில் 15 நிமிடம் பிடித்து நிற்க வேண்டும் என்று இருக்கிறது. பிக்கப்பின் ஏழு பின் பிளக்கைக் கழற்றிவிட்டு, பின்னை இழுத்து, மெதுவாக முன்னே நகர்த்துங்கள். சக்கரம் பூட்ட வேண்டும்.

பூட்டவில்லையா? பேட்டரி வோல்ட், பிறகு பின் செருகும் பிரேக்கவே சுவிட்சுக்கு வரும் ஒயர். அது டிஸ்கனெக்ட் சுவிட்சுக்கு அப்புறம் இணைத்திருந்தால் சுவிட்சை அணைக்கும்போதெல்லாம் பிரேக்கும் போய்விடும், பேட்டரிக்கு நேராக மாற்றச் சொல்லுங்கள். தூங்கும் லித்தியத்தோடு கிளம்பினாலும் இதே கதி. ஒயரில் வோல்ட் இருந்தும் பிடிக்கவில்லையென்றால் ஆக்ஸிலுக்குள் போகும் ஒயரோ காந்தமோ. அங்கே டெக்னீஷியன்தான், அதுவரை வண்டி நகரக் கூடாது.

சோதித்ததும் பின்னைத் திரும்பச் செருகுங்கள். நாலு காந்தமும் சேர்ந்து 12 ஆம்பியர் இழுக்கும். போன வருடம் நான் செருக மறந்து தூங்கப் போய்விட்டு, மறுநாள் காலை ஜாக் அசையாமல் நின்றதைப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்ன முதல் வார்த்தை: "பேட்டரி செத்துப்போச்சு போல."